திடீர்க் கூட்டமும் திணறும் வாசலும்



"சர்வர் வேலை செய்யலைம்மா, நாளைக்கு வாங்க."

இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். இ-சேவை மையத்தில் கேட்டிருப்போம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது கேட்டிருப்போம். பிள்ளைகளின் பரீட்சை முடிவு பார்க்கப் போன இடத்திலும் கேட்டிருப்போம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், வெறுங்கையோடு திரும்பி வருவோம்.

அப்படித் திரும்பி வரும்போது மனசுக்குள்ளே பல சந்தேகம் ஓடும். "நம்ம பேரை எடுத்துட்டாங்களோ?" "வேணும்னே அலைய விடுறாங்களோ?" "இன்னிக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காதோ?" இந்தப் பயத்தில்தான் சிலர் தரகரிடம் போய் 200, 500 என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள். சிலர் செல்போனில் வந்த ஏதோ ஒரு லிங்க்கைத் தொட்டு, வங்கிக் கணக்கில் இருந்ததையும் இழக்கிறார்கள்.

கரண்ட் போனாலும் சர்வர் நிற்கும், லைன் அறுந்தாலும் நிற்கும். ஆனால் பெரிய அறிவிப்பு வந்த அன்றைக்கு நிற்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டோம். இந்த மாதப் பாடம் இந்தத் திடீர்க் கூட்டத்தைப் பற்றியது. இது எப்படிச் சேருகிறது, வாசல் ஏன் திணறுகிறது, அந்த நேரத்தில் நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பார்ப்போம்.

சர்வர் என்றால் யார்?

ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவரை சர்வர் என்று சொல்கிறோம் அல்லவா? கம்ப்யூட்டர் உலகிலும் சர்வர் என்றால் அதே வேலைதான். எங்கோ ஓர் இடத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிற பெரிய கம்ப்யூட்டர் அது. நாம் செல்போனில் ஒரு இணையதளத்தைத் திறந்தால், "எனக்கு இந்தப் பக்கத்தைக் கொடு" என்ற கேள்வி அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது தேடி எடுத்து நமக்குப் பரிமாறுகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஒரு பந்திக்கு 50 இலை. 300 பேர் வந்தால் 6 பந்தி. வரிசையாக உட்கார்ந்தால் எல்லோரும் வயிறார சாப்பிட்டுப் போகலாம். அதே 300 பேரும் முதல் பந்திக்கே முண்டியடித்தால் என்ன ஆகும்? நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும். சாம்பார் வாளியோடு வருகிறவர் நடக்க வழி இருக்காது. உட்கார்ந்தவருக்கும் சோறு வராது, நின்றவருக்கும் வராது. அடுப்படியில் அண்டா நிறைய சாதம் இருக்கும், ஆனால் இலைக்கு வந்து சேராது.

சர்வர் படுப்பதும் இப்படித்தான். உள்ளே தகவல் எல்லாம் பத்திரமாக இருக்கும். நம் பெயரும் இருக்கும், மனுவும் இருக்கும். பரிமாற வழிதான் அடைத்துப் போயிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

சேமிப்பு, வட்டி எல்லாம் கணக்குப் போடுகிற நாம் இதையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு சர்வர் 1 வினாடிக்கு 100 பேருக்குப் பதில் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிமிடத்தில் 1 லட்சம் பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பதில் கொடுத்து முடிக்க 1,000 வினாடி ஆகும், அதாவது சுமார் 17 நிமிடம். கொஞ்சம் பொறுத்தால் முடிந்துவிடும்.

ஆனால் நாம் பொறுப்பதில்லையே! பக்கம் திறக்கவில்லை என்றதும் மறுபடி அழுத்துகிறோம். மறுபடியும், மறுபடியும். ஒவ்வொருவரும் 5 தடவை அழுத்தினால் சர்வருக்கு 5 லட்சம் கேள்வி வந்துவிடுகிறது. இப்போது 5,000 வினாடி, அதாவது 1 மணி 23 நிமிடம். நாம் அழுத்த அழுத்த நம் முறை தள்ளித்தான் போகிறது. சில சமயம் சுமை தாங்காமல் சர்வர் முழுவதுமாக நின்றும் போய்விடும்.

இதே சர்வர் 10 மணி நேரம் நிதானமாக ஓடினால் 36 லட்சம் பேருக்குப் பரிமாறிவிடும். ஆக, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, எத்தனை பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரு கதையில் பிறந்த பெயர்

இந்தத் திடீர்க் கூட்டத்துக்குக் கம்ப்யூட்டர் துறையில் 'பிளாஷ் கிரவுடு' என்று ஒரு பெயர் உண்டு. மின்னல் மாதிரி சேருகிற கூட்டம் என்று அர்த்தம். இந்தப் பெயர் வந்தது ஒரு கதையிலிருந்து. அமெரிக்காவைச் சேர்ந்த லாரி நிவன் என்ற எழுத்தாளர் 1973-ல் அந்தக் கதையை எழுதினார். அப்போது பொதுமக்கள் கையில் இன்டர்நெட்டும் இல்லை, செல்போனும் இல்லை.

கதையில் ஊருக்கு ஊர் டெலிபோன் பூத் மாதிரி கூண்டுகள் இருக்கும். உள்ளே போய் நம்பரைப் போட்டால், கண் மூடித் திறப்பதற்குள் வேறு ஊரில் இருக்கலாம். ஒரு நாள் ஒரு கடைத்தெருவில் சின்னச் சச்சரவு. அது டிவியில் செய்தியாக வருகிறது. பார்த்தவர்கள் எல்லாம் "என்னான்னு பார்த்துட்டு வருவோம்" என்று அங்கே போய் இறங்குகிறார்கள். கூட்டம் சேர்ந்ததே அடுத்த செய்தி ஆகிறது. அதைப் பார்த்து இன்னும் கூட்டம். கடைசியில் அது கலவரமாகவே ஆகிவிடுகிறது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு திருடர்களும் அங்கே வந்து இறங்கினார்கள். நெரிசலில் யார் எவர் என்று தெரியாது, காவலும் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். நம் ஊர்த் திருவிழாவில் தேர் நகரும் நேரம் பார்த்துத்தானே தாலிச் செயினில் கை வைக்கிறான்? கூட்டம் சேரும் இடம் தேடித் திருடனும் வருவான். இன்டர்நெட் கூட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

விளையாட்டாகச் சேர்த்த கூட்டம்

2003-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பில் வாசிக் என்ற பத்திரிகையாளர் ஒரு சோதனை செய்தார். தன் பெயரைச் சொல்லாமல், தெரிந்தவர்களுக்கு இ-மெயில் அனுப்பினார். இன்ன இடத்துக்கு இத்தனை மணிக்கு வாருங்கள், 10 நிமிடம் இருந்துவிட்டுக் கலைந்துவிடுங்கள் என்று செய்தி. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்ப் பரவியது.

மே மாதம் செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. விஷயம் முன்பே தெரிந்து, கடை வாசலில் போலீஸ் நின்றுவிட்டது. ஜூன் மாதம் 'மேசிஸ்' என்ற பெரிய துணிக்கடையில் நடந்தது. 100 பேருக்கு மேல் 9-வது மாடியில் திடீரென்று வந்து ஒரு விலை உயர்ந்த கம்பளத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கடைக்காரர் கேட்டதற்கு, "நாங்க எல்லாரும் ஒண்ணா ஒரே இடத்தில் குடியிருக்கிறோம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கம்பளம் பார்க்க வந்தோம்" என்றார்கள். நேரம் முடிந்ததும் கலைந்து போய்விட்டார்கள். இதற்கு 'பிளாஷ் மாப்' என்று பெயர் வந்து, சில மாதங்களில் உலகத்தின் பல நகரங்களுக்கும் பரவியது.

2006-ல்தான் வாசிக் இதைச் செய்தது தான் என்று வெளியில் சொன்னார். மற்றவர்கள் போகிறார்கள் என்பதற்காகவே மனிதர்கள் ஓரிடத்துக்குப் போவார்களா என்று பார்க்கத்தான் அதைச் செய்ததாக எழுதினார். போனார்கள், ஏன் எதற்கு என்று கேட்காமலே போனார்கள். செல்போனில் ஒரு செய்தி வந்ததும், உண்மையா பொய்யா என்று பார்க்காமல் நாம் பத்து பேருக்கு அனுப்புகிறோமே, அதுவும் இதே குணம்தான்.

இந்தக் குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். 2011 நவம்பர் 27-ல் மும்பையின் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் சுமார் 200 பேர் திடீரென்று கூடி ஒரு பாட்டுக்கு ஆடினார்கள். 2008 நவம்பர் 26-ல் தீவிரவாதிகள் துப்பாக்கியால் சுட்டுப் பலரைக் கொன்ற அதே இடம் அது. பயந்து கிடந்த இடத்தில் தைரியமாக நின்று ஆடியதை நாடே பார்த்தது. பார்த்தவர்களுக்குத்தான் அது திடீர்க் கூட்டம். ஆடியவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஒத்திகை பார்த்து, சில நிமிடத்தில் முடித்துவிட்டு ரயில் ஏறப் போகிறவர்களுக்கு வழி விட்டார்கள். தேர்தல் நேரத்தில் பஸ் நிலையங்களில் கல்லூரி மாணவிகள் ஆடி விழிப்புணர்வு ஏற்படுத்துகிறார்களே, அதுவும் பிளாஷ் மாப்தான்.

ஆக, கூட்டம் சேருவது தப்பில்லை. எப்போது வரணும், எவ்வளவு நேரம் இருக்கணும், எப்படிக் கலையணும் என்று முன்பே முடிவு செய்த கூட்டம் சாதிக்கும். ஒரு முடிவும் இல்லாமல் வந்து விழுகிற கூட்டம் வாசலை அடைக்கும்.

பெரிய நாடுகளிலும் திணறிய வாசல்கள்

"நம்ம ஊர்லதான் இப்படி" என்று சலித்துக்கொள்கிறோம். பணக்கார நாடுகளிலும் இதே கதைதான்.

இங்கிலாந்தில் 1901-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை, 2002 ஜனவரி 2-ல் இன்டர்நெட்டில் வெளியிட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று யாரும் தேடிப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 12 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கே அத்தனை பேர் வந்து நின்றார்கள். தளம் படுத்துவிட்டது. சில நாளில் அதை மூடிவிட்டு, பல மாதம் கழித்துச் சரிசெய்து திறந்தார்கள். 100 வருடம் காத்திருந்த தகவல்தான், இன்னும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயேதான் இருந்திருக்கும். ஆனாலும் முதல் நாளே பார்க்கணும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ல், மருத்துவக் காப்பீடு எடுப்பதற்காக அரசாங்கம் ஒரு இணையதளம் திறந்தது. ஒரே நேரத்தில் 50 ஆயிரம், 60 ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 2 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை. முதல் நாள் முழுக்கக் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் வெறும் 6 பேர்!

அங்கே கூட்டம் மட்டும் காரணம் இல்லை. திறப்பதற்கு முன்னால் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை. இன்னொரு தவறும் இருந்தது. என்ன காப்பீடு இருக்கிறது, எவ்வளவு பணம் என்று சும்மா பார்க்க வந்தவர்களைக்கூட, முதலில் பெயர் பதிவு செய்தால்தான் உள்ளே விட்டார்கள். விலை விசாரிக்க வந்தவரையும் பில் போடுகிற வரிசையில் நிற்க வைத்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு இரண்டு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து சரிசெய்தார்கள். கூட்டம் அதிகமானால், "இப்போது நெரிசலாக இருக்கிறது, உங்கள் முறை வரும்போது தகவல் சொல்கிறோம்" என்று வரிசை வைத்தார்கள். அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. அந்த முதல் சுற்று முடிந்தபோது நாடு முழுவதும் 80 லட்சம் பேர் காப்பீட்டில் சேர்ந்திருந்தார்கள். முதல் நாள் பார்த்து "இது உருப்படாது" என்று விட்டுவிட்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

நம் நாட்டில், நம் ஊரில்

2021 ஏப்ரல் 28-ம் தேதி சாயங்காலம் 4 மணி. கொரோனா தடுப்பூசிக்கு 18 வயதைத் தாண்டியவர்கள் கோவின் தளத்தில் பதிவு செய்யலாம் என்று திறந்தார்கள். திறந்த சில நிமிடங்களிலேயே தளம் திணறியது. பிறகு சரியாகி, அன்றைக்கே ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் ஊசி மருந்து போதிய அளவு இல்லை. நல்ல செல்போனும் வேகமான கையும் உள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது. போன் இல்லாத கிராமத்துக்காரர்கள் பின்னால் நின்றார்கள். மே 24-ல்தான், அரசு மையங்களுக்கு இந்த வயதினர் நேரில் வந்தும் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி விட்டார்கள். முதலில் அழுத்தியவருக்கு மட்டும் திறக்கிற வாசல் எல்லோருக்கும் நியாயம் செய்யாது என்று அப்போது நாடே பார்த்தது.

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதில் இரண்டு பாடம் இருக்கிறது.

முதலாவது நல்ல பாடம். விண்ணப்பம் வாங்கும்போது, எல்லோரும் ஒரே நாளில் வாருங்கள் என்று சொல்லவில்லை. ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக வந்து விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி என்று டோக்கனிலேயே இருந்தது. ஜூலை 24 முதல் கட்டம் கட்டமாக முகாம் நடந்தது. 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தை நாளாகவும் மணியாகவும் பிரித்தது அந்தச் சின்னத் துண்டுச் சீட்டுதான்.

இரண்டாவது பாடம் செப்டம்பரில் வந்தது. 15-ம் தேதி திட்டம் தொடங்கியது. 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். விடுபட்டவர்கள் சுமார் 57 லட்சம் பேர். ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்ள 18-ம் தேதி முதல் இணையதளத்தில் வழி செய்தார்கள். இங்கே டோக்கன் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தளம் முடங்கியது. மையங்களில் கூட்டம் அலைமோதியது. மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருந்தது. ஆனாலும் இன்னிக்கே பார்த்தாகணும் என்ற பதற்றம்தான் எல்லோரையும் ஓட வைத்தது.

மாதம் 1,000 ரூபாய் என்பது நம் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். அதனால் அந்தப் பதற்றத்தில் தப்பில்லை. ஆனால் அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் தரகரும் மோசடிக்காரரும் பிழைக்கிறார்கள். "உங்க பேரு விட்டுப் போச்சு, 500 கொடுங்க, நான் சேர்த்து விடறேன்" என்று ஒருவர் வருவார். "உங்க கணக்கைச் சரிபார்க்கணும், போனில் வந்த ஓடிபி நம்பரைச் சொல்லுங்க" என்று இன்னொருவர் கூப்பிடுவார். கதையில் வந்த திருடர்கள் இவர்கள்தான். கூட்டம் எங்கே என்று பார்த்துத்தான் வருகிறார்கள்.

கூட்டத்தைப் பிரிக்கும் வழிகள்

வாசலை அகலமாக்குவது ஒரு வழி. சர்வரைக் கூட்டலாம், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. கூட்டத்தைப் பிரிப்பதுதான் சிக்கனமான வழி.

ரயிலில் தட்கல் டிக்கெட்டுக்கு முன்பு எல்லோரும் காலை 10 மணிக்கே வந்து நெரித்தார்கள். 2015 ஜூன் முதல் ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி என்று பிரித்தார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட இணையதளங்களில் வெளியிடுகிறார்கள். பதிவு செய்த செல்போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகவும் அனுப்புகிறார்கள். பந்திக்குக் கூப்பிடாமல் வீட்டுக்கே கேரியரில் சாப்பாடு அனுப்புவது மாதிரி. பிள்ளை சேரும்போது சரியான செல்போன் நம்பரைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைத்தால், முடிவு வரும் நாளில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

நம் தொழிலுக்குத் திடீர்க் கூட்டம் வந்தால்?

குழுவில் முறுக்கு, மசாலா, பாய், பை என்று பல தொழில் செய்கிறோம். "ஒரு வீடியோ போட்டா போதும், வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நடக்கவும் செய்யும். ஆனால் நடந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்லி மாளவியா நகரில் 80 வயதைத் தொட்ட கணவனும் மனைவியும் 'பாபா கா தாபா' என்று ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். கொரோனாவால் வியாபாரமே இல்லை. 2020 அக்டோபர் 7-ல் ஒருவர் அவர்களின் கஷ்டத்தை வீடியோ எடுத்துப் போட்டார். அடுத்த நாளே கடை முன்னால் வரிசை. டிவிக்காரர்கள் வந்தார்கள், பல ஊரிலிருந்து பண உதவியும் வந்தது. பிறகு அந்தப் பணத்தைப் பற்றித் தகராறு எழுந்து போலீஸ் புகார் வரை போனது. டிசம்பரில் பெரிய ஓட்டல் ஒன்று திறந்தார்கள். அதற்குள் கூட்டம் குறைந்துவிட்டது. மாதச் செலவு சுமார் 1 லட்சம், வரவு 40 ஆயிரத்தைத் தாண்டவில்லை என்று செய்திகள் வந்தன. 2021 பிப்ரவரியில் ஓட்டலை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார்கள்.

அந்த முதியவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. திடீரென்று வந்த கூட்டம், வந்த வேகத்திலேயே போகும். அதை நிரந்தர வரவு என்று நம்பிச் செலவை ஏற்றிக்கொண்டால் சுமை நம் தலையில்தான் விழும்.

நம் குழு ஒரு நாளைக்கு 20 கிலோ முறுக்கு போட முடியும் என்று வையுங்கள். திடீரென்று 300 கிலோ ஆர்டர் வருகிறது. அது 15 நாள் வேலை. அப்போது என்ன செய்யலாம்?

ஒவ்வொருவருக்கும் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று சொல்லி, வரிசை நம்பர் கொடுங்கள். நாம் கொடுக்கிற டோக்கன் அது. செய்ய முடிகிற அளவுக்கு மட்டும் முன்பணம் வாங்குங்கள். அதற்கு மேல் வந்தால், "அடுத்த மாதம் தருகிறோம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஆர்டரை விட மனசில்லாமல் கடைச் சரக்கை வாங்கி நம் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தால், ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி வர மாட்டார். பக்கத்துக் குழுவோடு வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், கூட்டமைப்பு அதற்குத்தான் இருக்கிறது. மெஷின் வாங்கக் கடன் எடுப்பதாக இருந்தால், குறைந்தது மூன்று மாதம் ஆர்டர் நிற்கிறதா என்று வரவு செலவு நோட்டைப் பார்த்துவிட்டுத் தீர்மானம் போடுங்கள். ஒரு வாரக் கூட்டத்தை நம்பி மூன்று வருடத் தவணைக் கடன் வேண்டாம்.

நினைவில் வைக்க

1. புதுத் திட்டம் அறிவித்ததும் கடைசித் தேதியை முதலில் கேளுங்கள். நாள் இருந்தால் முதல் நாள் ஓட வேண்டாம். கடைசி நாளிலும் போக வேண்டாம், அன்றும் இதே கூட்டம் இருக்கும். நடுவில் ஒரு நாள் போங்கள்.

2. பக்கம் திறக்கவில்லை என்றால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். அதிகாலையிலோ இரவு நேரத்திலோ பாருங்கள்.

3. பணம் கட்டும்போது பாதியில் நின்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

4. மனு பதிந்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சர்வர் நின்றாலும் அந்த நம்பர் நமக்குச் சாட்சி.

5. சர்வர் வேலை செய்யாத நாளில், "நான் தனியா முடிச்சுத் தர்றேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். நமக்குத் திறக்காத வாசல் அவருக்கும் திறக்காது.

6. ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் இரண்டையும் போனில் கூப்பிட்டுக் கேட்பவரிடம் சொல்லவே கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள்.

7. "உடனே பத்து பேருக்கு அனுப்பு" என்று வருகிற செய்தியை நிறுத்தி வைத்து, ஊக்குநரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

• சென்ற ஒரு வருடத்தில் சர்வர் வேலை செய்யவில்லை என்று எத்தனை தடவை திரும்பி வந்தோம்? எத்தனை நாள் கூலி போனது? ஆளுக்கு ஆள் சொல்லி, மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

• அடுத்த தடவை ஒரு திட்டத்துக்கு மனு போட வேண்டி வந்தால், குழுவில் உள்ள அனைவரும் ஒரே நாளில் போகாமல் நாளைப் பிரித்துக்கொள்ள முடியுமா? படிக்கத் தெரியாத அக்காமார்களோடு யார் துணைக்குப் போவது?

• நம் குழுத் தொழிலில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு செய்ய முடியும்? அந்த அளவை இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். திடீர் ஆர்டர் வரும் நாளில், எவ்வளவுக்கு ஒப்புக்கொள்ளலாம் என்பதை அந்த நோட்டு சொல்லும்.

சந்தாவை மாதம் 100, 200 என்று பிரித்துப் போட்டுத்தான் நம் குழுக்கள் லட்சங்களைச் சேர்த்தன. ஒரே நாளில் கட்டச் சொல்லியிருந்தால் நம்மில் யாராலும் முடிந்திருக்காது. அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டு வருவோம். வரிசையாகப் போவோம், ஆளுக்கு ஆள் துணையாகப் போவோம், ஒரு ரூபாய்கூடத் தரகருக்குக் கொடுக்காமல் நமக்கு உரியதை வாங்கி வருவோம்.